கிரேனை நிறுத்திய கெட்ட வார்த்தை

காலை ஒன்பது நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தரையில் உருண்டு நின்ற ஒரு மஞ்சள் ஹெல்மெட். அதன் நெற்றியில் கறுப்புப் பெயின்டில் 'ஹெச்' என்ற ஆங்கில எழுத்து. ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரர் கொஞ்சம் தள்ளிக் குப்புற விழுந்திருந்தார். அவர் கையில் ஒரு துணி பேனரின் முனை இருந்தது. அவர் நின்றிருந்த இடத்துக்கு நேர் மேலே, ஆள் உயரத்தில், ஒரு கட்டு இரும்புக் கம்பி கிரேன் சங்கிலியில் தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பேனரில் "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்று எழுதியிருந்தது.

அந்த வாசகத்தை எழுதியது நான்.

பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். எங்கள் பதிப்பை மூடிய பிறகு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஒரு தொழிற்சாலையில் தமிழ் எழுதுவதற்காகச் சேர்ந்தேன். "கையுறை அணியவும்", "சாப்பாட்டை வீணாக்காதீர்", மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நிறுவன இதழ், அதில் மேலாளர்களின் பொங்கல் வாழ்த்து. திருவள்ளூரிலிருந்து கம்பெனி வேன். ஆடி மாதத்தில் பெரியபாளையத்தில் வேப்பிலை கட்டிய வண்டிகளுக்குப் பின்னால் வேன் நிற்கும். மற்றபடி குறையில்லை.

அன்று மரியாதையாகப் பேசுவது பற்றிய புதிய கொள்கையைத் தொடங்கிவைக்கும் நாள். வேறு மாநிலத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும் பெண். கைத்தறிப் புடவை, புத்தம்புது பாதுகாப்பு ஷூ. கூட்டம் அலுவலகத்தில் வேண்டாம், தொழிலாளர்கள் நடுவிலேயே நடக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். ஷெட்டுக்குள்ளே மைக் வைத்தார்கள், பூங்கொத்து வைத்தார்கள். கிரேன் ஓட்டுகிறவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் கூரைக்குக் கீழே தன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர். டீ நேரத்தில்தான் கீழே இறங்குவார். கீழே நடக்கும் எதுவும் தன்னைச் சேர்ந்ததல்ல என்பது அவருடைய கொள்கை.

போட்டோவுக்காக பேனரின் ஒரு முனையை உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் மறு முனையை ஒடிசாக்காரர் ஒருவரிடமும் கொடுத்திருந்தார் மனிதவளத் துறையின் துணை மேலாளர். சென்னைப் பையன், முப்பது வயது, எல்லாவற்றுக்கும் ஸ்லைடு வைத்திருப்பவர். போட்டோக்காரர் "இன்னும் கொஞ்சம் பின்னாடி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லச் சொல்ல, ஒடிசாக்காரர் மஞ்சள் கோட்டைத் தாண்டி கிரேன் பாதைக்குள் போய்விட்டார். கம்பிக் கட்டு வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர் கத்தினார்.

அவர் கத்திய வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை, பத்திரிகைப் பழக்கம். ஓவன்னாவில் தொடங்கும், அம்மாவைப் பற்றியது. ராயபுரத்திலிருந்து தடா வரை ஆண்கள் கமா போட வேண்டிய இடத்தில் எல்லாம் அதைப் போடுவார்கள். கோபம், சந்தோஷம், பஸ் தாமதம், நல்ல பிரியாணி எல்லாவற்றுக்கும் அது பொது.

கிரேன் நின்றது. ஒடிசாக்காரர் பாய்ந்து விழுந்தார். அடுத்த பகுதியில் கம்பி வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் திரும்பிப் பார்த்தார். டீ கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். ஆங்கிலத்தில் 'மரியாதை' என்ற சொல்லின் பாதியில் தலைமை அலுவலகப் பெண்ணும் நின்றார். பிறகு அவர் கேட்டார், "அவர் என்ன சொன்னார்?"

"பார்த்துப் போங்க என்றார்" என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை. பதற்றத்தில் நம் துணை மேலாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டார், உறவுமுறை உட்பட. நான் பார்த்தவரை அவர் செய்த ஒரே துல்லியமான மொழிபெயர்ப்பு அதுதான்.

அன்று மாலையே சிக்னல்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெளி மாநிலத் தொழிலாளியை இழிசொல்லால் திட்டியதாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் பணிநீக்கம் என்று காலையில் வெளியிட்ட கொள்கையிலேயே இருந்தது. அந்த வரியையும் தமிழில் எழுதியது நான்தான். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஷெட்டில் எஞ்சியிருந்த ஒருசில நிரந்தரத் தொழிலாளர்களில் ஒருவர். இந்த வேலை போனால் அந்த வயதில் சிக்னல்காரரை எந்தக் கம்பெனியும் சேர்க்காது, செக்யூரிட்டி வேலையைத் தவிர. ஆரம்பாக்கம் பக்கம் அவர் ஊர். தன் அப்பா கூலிக்குக் களையெடுத்த நிலத்தின் மேல்தான் இந்த ஷெட் நிற்கிறது என்பார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அதையே சொல்கிறார்கள். ஷெட் அவ்வளவு பெரிதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஷெட்டில் தமிழ், தெலுங்கு, ஒடியா, போஜ்புரி, வங்காளம், அசாமி எல்லாம் புழங்குகின்றன. கம்பி விழும் சத்தத்தில் எந்த மொழியும் பாதிதான் காதில் விழும். "நில்லு" என்றால் பாதிப் பேர் நிற்பார்கள். "ருகோ" என்றால் மீதிப் பாதி. "ஸ்டாப்" என்று லாரிக்கு, மெஷினுக்கு, சப்பாத்தி போடுகிறவருக்கு என்று நாள் முழுக்க யாராவது கத்திக்கொண்டே இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிக்னல்காரரின் வார்த்தை ஒன்றுக்குத்தான் எல்லோரும் நிற்பார்கள். புதிதாக ரயிலில் வந்து இறங்குகிறவர் 'தண்ணி' கற்றுக்கொள்வதற்கு முன் அதைக் கற்றுக்கொள்கிறார். எந்தச் சுவரிலும் எழுதாத ஒரே பாதுகாப்பு விதி அது.

இன்னொரு வழக்கம் ஹெல்மெட். ஆள் சப்ளை செய்யும் ஒப்பந்ததாரர் வடக்கிலிருந்து வருகிற அத்தனை பேர் தலையிலும் 'ஹெச்' என்று எழுதிவிடுவார். ஹிந்தி என்று பொருள். உள்ளூர் ஆட்களுக்கு 'டி', தமிழ். எந்த மொழியில் கத்துவது என்று சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டுமே. "ரெண்டு டி, நாலு ஹெச் அனுப்பு" என்பார்கள் போனில், ஏதோ நட்டு போல்ட்டு கேட்பது போல. 

என் பழைய தொழிலும் இதைவிட மேலானதல்ல. ஒருவர் திருடிப் பிடிபட்டால், செய்தி மேசையில் அவர் உள்ளூர்க்காரர் என்றால் 'மர்ம நபர்', ரயிலேறி வந்தவர் என்றால் 'வட மாநில வாலிபர்'. அந்த வாலிபருக்கு ஐம்பத்திரண்டு வயதாக இருந்தாலும்.

சிக்னல்காரர் இல்லாத நாட்களில் ஷெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு வாசகம் தேவைப்பட்டது. துணை மேலாளர் ஆங்கிலத்தில் ஒன்று கொடுத்தார். நான் அதை "நண்பரே, நிறுத்துங்கள்" என்று தமிழாக்கினேன். மாற்றாக வந்த சிக்னல்காரர் பயந்த சுபாவம். முதல் நாளே அதை மனப்பாடம் செய்துகொண்டார். மூன்று முறை "நண்பரே, நிறுத்துங்கள்" என்று கூப்பிட்டார். கூண்டில் இருந்தவர் யாரோ யாரையோ கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கம்பிக் கட்டு போய் டீ கேனின் மேல் உட்கார்ந்தது. கேன் தோசைத் தட்டு போல ஆனது. பக்கத்தில் ஆளில்லை.

கிரேன்காரர் அன்றைக்கு டீ நேரத்துக்கு முன்னாலேயே இறங்கி வந்தார்.

"அவுரு கத்தாம நான் லோடு தூக்க மாட்டேன் சார். எவனாவது செத்தா நீ ஜெயிலுக்கு வருவியா? நான்தான் போவணும்" என்று துணை மேலாளரிடம் சொல்லிவிட்டு கேன்டீனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விசாரணை பயிற்சி அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து வந்த ஒரு வயதான வக்கீல். வெள்ளைச் சட்டை, வெற்றிலை போடாத நேரத்திலும் வெற்றிலை போட்டது போன்ற வாய். நடப்பதை எழுதிக்கொள்ள என்னை உட்காரவைத்தார்கள். துணை மேலாளர் கம்பெனி தரப்பு.

"அன்னிக்கு என்ன வார்த்தை சொன்னீங்க?" என்று வக்கீல் சிக்னல்காரரைக் கேட்டார்.

"கெட்ட வார்த்தை சார்."

"அது தெரியும். எந்தக் கெட்ட வார்த்தை?"

சிக்னல்காரர் என்னைப் பார்த்தார். "மேடம் கீறாங்க சார்."

"அவங்க எழுதறதுக்குத்தான் இருக்காங்க."

"எழுதிக்கட்டும் சார். நான் சொல்ல மாட்டேன். லேடீஸ் முன்னாடி பேசினேன்னு ஊட்ல தெரிஞ்சா சோறு கெடைக்காது."

"அன்னிக்கு ஹெட் ஆபீஸ் மேடம் முன்னாடி சொன்னீங்களே?"

"அன்னிக்கு லோடு இருந்திச்சு சார்."

அடுத்து கிரேன்காரர் சாட்சி. காதில் என்ன விழுந்தது என்று கேட்டதற்கு, "பிரேக் போடுறா மாதிரி ஒண்ணு வுழுந்திச்சு சார், போட்டேன்" என்றார். அதற்கு மேல் போகவில்லை. துணை மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேண்டுமானால் தான் ஆங்கிலத்தில் சொல்வதாகச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பரவாயில்லை, சொல்லுங்க. எழுபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸுல தினம் கேட்டு வளர்ந்தவதான் நான்" என்றேன். அறையில் இருந்த அத்தனை ஆண்களும் என்னை வருத்தத்தோடு பார்த்தார்கள். நான்தான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டது போல. கடைசியில் பதிவேட்டில் ஓவன்னா போட்டுப் புள்ளிகள் வைத்தேன். வக்கீல் எட்டிப் பார்த்து, "மூணு புள்ளி போதுமா?" என்றார். பத்திரிகையில் மூன்றுதான் வழக்கம் என்றேன். திருப்தியடைந்தார்.

பிறகு ஒடிசாக்காரரைக் கூப்பிட்டார்கள். எல்லாம் அவர் சொல்வதில்தான் இருந்தது. தனக்கு அவமானம் நேரவில்லை என்று கையெழுத்துப் போட்டால் சிக்னல்காரருக்கு எச்சரிக்கையோடு போகும். நேர்ந்தது என்றால் வேலை போகும். துணை மேலாளர் இதை இரண்டு மொழிகளில் அவருக்கு விளக்கினார். ஒடிசாக்காரர் தமிழிலேயே பதில் சொன்னார். துணை மேலாளர் காலேஜ் முடிப்பதற்கு முன்பிருந்தே கும்மிடிப்பூண்டியில் இருப்பவர். பெண்டாட்டி பிள்ளையோடு ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை அறையில் குடியிருந்தார்.

"இவர் உங்களை அவமானப்படுத்தினாரா?"

"யாரு, அண்ணாவா? பண்ணாரு சார்."

சிக்னல்காரர் தலை நிமிர்ந்தார்.

"அந்த வார்த்தையைச் சொல்லியா?"

"இல்ல சார். அது பரவால்ல. அது எல்லாருக்கும் சொல்றாரு. கிரேனுக்கு சொல்றாரு, அவுரு பைக்குக்கு சொல்றாரு, மழைக்கு சொல்றாரு. அது வந்தா நான் குதிச்சிடுவேன். ரெண்டு காலும் இருக்குது பாருங்க."

"அப்புறம் எதில் அவமானம்?"

"ஹிந்தின்றாரு சார். 'ஏ ஹிந்தி, இங்க வா. ஹிந்தி, அத்த தூக்கு.' நான் ஹிந்தி இல்ல சார். ஒடியா. ஸ்கூல்ல பாப்பாவ டீச்சர் கேட்டாங்க, ஊட்ல இன்னா பாஷைன்னு. ஹிந்தின்னு சொல்லிட்டு வந்திருக்குது. அதுக்கு ஹிந்தி ஒரு வார்த்த தெரியாது."

வக்கீல் சமாதானமாகச் சிரித்தார். சுலபமான வழக்கு என்று நினைத்திருப்பார். "அதில் என்னப்பா அவமானம்? ஹிந்தி நம்ம தேசிய மொழிதானே."

குற்றம் சாட்டப்பட்டவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சார், இப்ப இன்னா சொன்னீங்க?"

"உட்காருங்க. தேசிய மொழின்னு…"

"யாரு சொன்னது? நம்ம நாட்டுக்கு தேசிய மொழின்னு ஒண்ணு கெடையவே கெடையாது சார். மேடம், பேப்பர்ல இருந்தீங்களே, நீங்க சொல்லுங்க."

"கிடையாது சார். அலுவல் மொழிதான்" என்றேன். வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதுகிறவர் பேசக்கூடாது என்பது விதி.

ஒடிசாக்காரரும் எழுந்துவிட்டார். "எங்க ஊர்லயும் இதே சண்டதான் சார். பாஷைக்காக மொதல்ல ஸ்டேட் பிரிச்சது எங்களுக்குத்தான்."

"மொதல்ல ஆந்திராடா, டேய்" என்றார் சிக்னல்காரர்.

"எங்களுது அதுக்கு முன்னாடி அண்ணா."

"எவன் சொன்னான்?"

இரண்டும் சரிதான். ஒன்று வெள்ளைக்காரன் காலத்தில், மற்றது சுதந்திரத்துக்குப் பிறகு. ஆனால் அதைக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. வக்கீல் மேசையைத் தட்டி, "நீங்க தமிழ்தானே, உங்களுக்கு என்ன ஆந்திரா?" என்று சிக்னல்காரரைக் கேட்டார்.

"ஊட்ல தெலுங்கு சார். பார்டர்ல பொறந்தா எல்லாந்தான் இருக்கும். அதான இவன் என்னியக் கொல்ட்டின்றான். அத்த எழுதுங்க மேடம்."

சென்னையில் தெலுங்குக்காரர்களைக் கேலி செய்யும் சொல் அது. எழுதினேன். இதற்குப் புள்ளி தேவைப்படவில்லை.

"நீங்க ஹிந்தின்னா நான் கொல்ட்டின்னுதான் சொல்லுவேன் அண்ணா" என்றார் ஒடிசாக்காரர்.

"அந்த வார்த்தையை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று வக்கீல் கேட்டார். ஒடிசாக்காரர் மரியாதையோடு துணை மேலாளர் பக்கம் கையை நீட்டினார். துணை மேலாளர் கூரையைப் பார்த்தார். நெல்லூர் லாரி டிரைவர்களைப் பற்றி அவர் போனில் பேசுவது ஷெட் முழுக்கக் கேட்கும். அவருடைய தவிர்க்க வேண்டிய சொற்களின் ஸ்லைடில் அந்தச் சொல் மட்டும் இல்லாமல் போனதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒடிசாக்காரரும் ஒன்றும் முனிவர் இல்லை. பீகார்க்காரர்கள் குளிக்கிற குழாயில் தான் குளிக்க மாட்டேன் என்று கேன்டீனில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"சரி, அவரை ஏன் ஹிந்தின்னு கூப்பிட்டீங்க?" என்று வக்கீல் சிக்னல்காரரிடம் திரும்பினார்.

"தலையில எழுதிக்கீது சார். ஹெச்சுன்னு. கம்பெனி எழுதினத படிச்சேன்."

"அத்தத்தான் சார் எடுக்கச் சொல்றேன்" என்றார் ஒடிசாக்காரர். "ஹெச்ச எடுத்தா கையெழுத்துப் போடறேன், எனக்கு அவமானம் இல்லன்னு. எடுக்கலன்னா போட மாட்டேன்."

ஹெல்மெட் தன் விசாரணை வரம்புக்குள் வராது என்றார் வக்கீல். தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் முடியாது என்றார் துணை மேலாளர். சிக்னல்காரர் உட்கார்ந்துவிட்டார். சத்தமெல்லாம் போய், "நைனா, போட்டுடு நைனா, நானே ஒக்காந்து சொரண்டித் தர்றேன்" என்றார் மெதுவாக. ஒடிசாக்காரர் அவரைப் பார்க்காமல், "நீங்க சொரண்டுனா ஒண்ணுதான் அண்ணா போவும். எல்லா ஹெல்மெட்டும் போவணும்" என்றார். தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை அந்த அளவில் நின்றது.

நியாயம் வென்றது என்று எழுதத்தான் ஆசை. வென்றது டிஸ்பாட்ச். கதவைத் திறந்துகொண்டு தொழிற்சாலைத் தலைவர் உள்ளே வந்தார். புனேக்காரர், யாரையும் எந்தப் பெயராலும் கூப்பிடாமல் விரலால் கூப்பிடுபவர். கேட்டிலிருந்து ஹைவே வரை லாரி நிற்கிறது, கிரேன்காரர் கேன்டீனில் கேரம் ஆடுகிறார், இங்கே என்ன நடக்கிறது என்றார். துணை மேலாளர் விளக்க ஆரம்பித்தார். தலைவர் பாதியில் நிறுத்தி, "பெயின்ட்டா? பெயின்ட்டுக்காகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, எடுத்துவிடச் சொல்லிப் போய்விட்டார். ஒடிசாக்காரர் கையெழுத்துப் போட்டார். ஒடியாவில் போட்டார். வக்கீல் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஹிந்தி இல்லையா?" என்றார்.

உள்நோக்கம் நிரூபணமாகவில்லை என்று அறிக்கை போனது. சிக்னல்காரர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை வேலைக்கு வந்தார். கிரேன்காரர் கூண்டுக்கு ஏறினார். முதல் லோடு தூக்கியபோது ஷெட் முழுக்க அந்த வார்த்தை கேட்டது. சிலர் கைதட்டினார்கள். தலைமை அலுவலகம் பிறகு ஒரு சைரன் வாங்கிக் கொடுத்தது. அது அடித்தால் புதிதாக வந்தவர்கள் டீ என்று நினைத்து வருகிறார்கள்.

ஹெல்மெட் விஷயத்தை மட்டும் தலைமை அலுவலகம் மிகவும் கருணையோடு எடுத்துக்கொண்டது. வெளி மாநிலத் தொழிலாளர்களை இனி மொழியின் பெயரால் யாரும் குறிப்பிடக் கூடாது, நம்மைத் தேடி வந்தவர்களுக்குரிய மதிப்போடு 'விருந்தினர் தொழிலாளர்' என்றே அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதையும் நான்தான் தமிழாக்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஒடிசாக்காரர் பின்னால் வந்து நின்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மேடம், விருந்தினர்னா இன்னா?"

"விருந்தாளி."

அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"எப்ப கெளம்பணுமாம்?"

பக்கத்தில் பீடி தேடிக்கொண்டிருந்த சிக்னல்காரர், "சாப்ட்டுப் போடா ஒடியா, இன்னா அவசரம்" என்றார்.

அடுத்த மாதம் புது ஹெல்மெட்டுகள் வந்தன. அதே மஞ்சள். நெற்றியில் கறுப்புப் பெயின்டில் 'வி' என்று எழுதியிருந்தது.